எதைக் குறைத்து இந்த விலை?

சென்னை அசோக் நகரில், அசோக் தூண் அருகே நூறு அடிச் சாலையிலும் அதை ஒட்டிய அவென்யூக்களிலும் ஒரு மாலை நடந்தால் போதும், கருவிச் சந்தையின் எல்லாப் படிகளையும் பார்த்துவிடலாம். ஹார்டுவேர் கடையில் கம்பெனி கட்டிங் பிளையர் முந்நூறு ரூபாய்க்கு மேல். அதே அளவில், அதைவிடப் பளபளப்பாக இன்னொன்று நடைபாதைத் தார்ப்பாயில் எண்பது, நூறு. கைப்பேசியைத் திறந்தால் நாற்பத்தாறு உருப்படி அடங்கிய ஸ்பேனர் பெட்டி ஐந்நூறு ரூபாய்க்கே வாசலுக்கு வருகிறது. பக்கத்துத் தி. நகரில் ஆடித் தள்ளுபடி, 'எது எடுத்தாலும்' கடை. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை வாங்கலாமா, கூடாதா?

இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. "வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற சாமானுக்கு எதுக்குய்யா கம்பெனி சரக்கு?" என்பது ஒரு கட்சி. "லோக்கல் சரக்கு வாங்கினால் ரெண்டு செலவு" என்பது மற்றது. இரண்டுமே பாதி உண்மை. அதனால்தான் வாக்குவாதம் தீர்வதில்லை. விலையை வைத்து மட்டும் பேசும்வரை தீரவும் தீராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதைக் குறைத்து இந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள்? குறைத்த இடம் தெரிந்துவிட்டால், வாங்கலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சரக்கு வந்த வழி

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்விக்கே அவ்வளவு இடமில்லை. நல்ல ஸ்பேனர், பிளையர் என்றால் நாசிக்கில் தயாராகும் டப்பாரியா, இல்லையென்றால் ஜலந்தர், லூதியானா பட்டறைச் சரக்கு. கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் கொல்லர் அடித்தவை. வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் பர்மா பஜார். 2001 ஏப்ரல் 1 அன்று இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியிருந்தவற்றையும் மத்திய அரசு நீக்கியது. அதன் பிறகு பூட்டு, டார்ச் லைட், ஸ்குரூ டிரைவர் செட் என்று சீனச் சரக்கு தெருவுக்குத் தெரு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இணைய விற்பனையும் சேர்ந்துகொண்டது. இன்று விற்பவரின் முகம், கடை, பில் எதுவும் தெரியாமலே டிரில்லிங் மெஷின் வாங்க முடிகிறது.

அசோக் நகருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. கிண்டி தொழிற்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1958இல் தொடங்கிய அந்தப் பேட்டையால் சுற்றுவட்டாரத்தில் லேத், வெல்டிங், கருவி தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால், மொத்த விலையில் வாங்கப் பாரிமுனைத் தெருக்கள். மின்னணுச் சாமானுக்கு ரிச்சி தெரு. சிக்கல் வீடுகளின் வயதில் இருக்கிறது. 1960களில் உருவான குடியிருப்பு இது. பழைய வீடுகளில் பழைய வயரிங், இடித்துக் கட்டிய அடுக்ககங்களில் உப்புத் தண்ணீர் போர், கடற்கரை நகரத்துக்கே உரிய ஈரக்காற்று. மலிவுச் சரக்கின் பலவீனம் வேறு ஊரில் ஐந்து வருடத்தில் தெரிந்தால், இங்கே இரண்டு மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

நான்கு வகை மலிவு

விலை குறைகிறது என்றால் நான்கு இடங்களில் ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, பெயரில். விளம்பரம், அட்டைப்பெட்டி, ஷோரூம் வாடகை, இடைத்தரகு எதுவும் இல்லை, பொருள் அதேதான். கொல்லர் அடித்த கடப்பாரை இந்த வகை. மழுங்கினால் மறுபடி காய்ச்சி அடித்துத் தரவும் ஆள் உண்டு. இதுவே உண்மையான மலிவு.

இரண்டாவது, மெருகில். கைப்பிடி வழவழப்பாக இல்லை, பெயின்ட் சீராக இல்லை, பெட்டியில் கருவிகள் அழகாக உட்காரவில்லை. வேலைக்குக் குறையில்லை. வாங்கலாம்.

மூன்றாவது, உலோகத்தில். எஃகு இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகக் கலவை, பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் முலாம், காய்ச்சி அடித்து உருவாக்க வேண்டியதை அச்சில் ஊற்றி எடுத்தது. இங்கேதான் ஒவ்வொரு பொருளாக யோசிக்க வேண்டும்.

நான்காவது, உண்மையில். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இணையத்தில் '48 வோல்ட்', '88 வோல்ட்' என்று விற்கும் மலிவு கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரியைப் பிரித்தால், பெரும்பாலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21 வோல்ட். கூட்டிக் கழித்தாலும் 48 வராது. பெட்டியிலேயே பொய் சொன்னவர், கண்ணுக்குத் தெரியாத காப்பு உறையிலும் சார்ஜரிலும் நியாயமாக நடந்துகொண்டிருப்பார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. இந்த வகை எந்த விலைக்கும் வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்த்தால்

மூன்றாவது வகையை எப்படி அடையாளம் காண்பது? ஒரு பிளையரையே எடுத்துக்கொள்வோம். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு இடையே ஒளி கசிந்தால் அது மெல்லிய கம்பியை வெட்டாது, நசுக்கும். இரண்டு கைப்பிடிகளையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நடு ரிவெட்டில் ஆட்டம் இருந்தால் நாளுக்கு நாள் அது கூடும். தாடையின் ஓரத்தில் மெல்லிய கோடு ஓடுகிறதா, பல் வரிசை கூர்மையில்லாமல் உருண்டிருக்கிறதா, கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத எடையா என்றெல்லாம் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சிறிய காந்தம் ஒட்டவில்லை என்றால் அது கருவிக்கான எஃகே இல்லை.

'குரோம் வெனேடியம்' என்ற எழுத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. அந்த எஃகு நல்லதுதான். ஆனால் முத்திரை குத்துவது யாருக்கும் எளிது. நல்ல எஃகாகவே இருந்தாலும் அதைச் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்தும் வேலையில்தான் கருவியின் ஆயுள் இருக்கிறது. பதம் குறைந்தால் ஸ்குரூ டிரைவரின் நுனி மழுங்கும். பதம் மிஞ்சினால் சில்லு தெறிக்கும். மழுங்கிய நுனி ஸ்குரூவின் தலையையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது. பிறகு அந்த ஸ்குரூவைக் கழற்ற சுவிட்ச் போர்டையே உடைக்க வேண்டியதாகிறது. நாற்பது ரூபாய்க் கருவியின் நஷ்டம் நாற்பது ரூபாயோடு நிற்பதில்லை.

பிளையரின் ரப்பர் உறைக்கும் ஒரு எச்சரிக்கை. உறை இருப்பதாலேயே மின்சாரத்திலிருந்து காப்பு கிடைத்துவிடாது. மின்வேலைக்கென்றே சோதிக்கப்பட்ட கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது இல்லாத உறை கை வழுக்காமல் இருப்பதற்கு மட்டும்.

வயரின் கணக்கு

கருவியைவிடப் பெரிய ஏமாற்று, கருவியோடு வாங்கும் சாமான்களில் நடக்கிறது. அதில் முதலிடம் வயருக்கு.

வீட்டு விளக்கு, மின்விசிறிக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வழக்கமாக 90 மீட்டர் சுருளாக வரும். அதற்குள் இருக்க வேண்டிய தாமிரத்தின் கன அளவு 135 கன சென்டிமீட்டர். தாமிரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.9 கிராம். பெருக்கினால் 1.2 கிலோ. தாமிரம் கிலோ 800 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் உலோகத்துக்கு மட்டும் 960 ரூபாய் ஆகிறது. மேலே பிவிசி உறை, கம்பி இழுக்கும் கூலி, வரி, கடைக்காரர் லாபம் எல்லாம் தனி. இந்தச் சுருளை ஒருவர் 600 ரூபாய்க்குத் தருகிறார் என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: நீளம் குறைவு, கனம் குறைவு, அல்லது உள்ளே தாமிர முலாம் பூசிய அலுமினியம்.

இந்த முலாம் கம்பியின் எடை அதே அளவுத் தாமிரக் கம்பியின் பாதிகூட வராது. மின்தடையோ ஒன்றரை மடங்குக்கு மேல். தடை கூடினால் சூடு கூடும். அலுமினியம் இறுக்கிய இடத்தில் நாளடைவில் தளரும். தளர்ந்த முனையில் தீப்பொறி. இவ்வளவும் சுவருக்குள், பூச்சுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. நுனியைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இதே கதை. மூன்று துளை இருக்கும், பல பெட்டிகளில் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே வராது. அதில் அயர்ன் பாக்ஸ் மாட்டுபவருக்கு எர்த் இருப்பது போன்ற நம்பிக்கை மட்டுமே கிடைக்கிறது.

சுழலும் சாமான்களையும் உயிருக்கு ஆபத்தான இந்த வகையில் சேர்க்க வேண்டும். கிரில் கம்பி வெட்டும் நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றினால், அதன் தகட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் உடையும் தகட்டின் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. தகட்டில் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்க வேண்டும். நடு வளையத்தில் காலாவதித் தேதி இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சமையல் வாயுக் குழாயும் அப்படித்தான். ஐ.எஸ். 9573 தரத்துக்கு வரும் சுரக்ஷா குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் சாதாரண ரப்பர் டியூபை மாட்டி மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

சுமைகூலி முக்கால் பணம்

அடுத்தது, உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் பணத்தைக் கரைக்கும் வகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி குழாய் வேலைக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முலாம் பூசிய மலிவுக் குழாய் 150 ரூபாய், ஒன்றரை வருடம் உழைக்கிறது. கனமான பித்தளைக் குழாய் 600 ரூபாய், ஆறு வருடம் உழைக்கிறது. பிளம்பர் வந்து மாட்ட ஒவ்வொரு தடவையும் 350 ரூபாய். ஆறு வருடத்தில் மலிவுக் குழாய்க்கு நான்கு முறை ஐந்நூறு, ஆக 2,000 ரூபாய். பித்தளைக்கு 950. எண்களை உங்கள் தெரு ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூலி ஏற ஏற மலிவுப் பொருள்தான் அதிகம் தோற்கும். ஆள் வைத்து மாட்ட வேண்டிய பொருளில் மலிவு பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்து வரும் விதி.

இதிலும் ஒரு விலக்கு உண்டு, அது நம் பகுதிக்கு முக்கியமானது. மொட்டை மாடி, துணி துவைக்கும் கல், கார் கழுவும் இடம் போன்றவற்றில் உப்பு போர் தண்ணீர் வருமானால், பி.டி.எம்.டி. எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் பித்தளையைவிட மலிவு. உப்பு அதை அரிப்பதும் இல்லை. விலை குறைந்த பொருள் தரத்திலும் பொருத்தமாக அமைவதற்கு இது நல்ல உதாரணம். மலிவை வெறுப்பதும் மலிவுக்கு மயங்குவதைப் போலவே செலவு வைக்கும்.

மலிவே போதும் என்ற இடம்

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு மலிவாக வாங்கக்கூடியவை எவை? பழுதானால் அந்தப் பொருளின் விலை மட்டுமே நஷ்டம் என்கிற எல்லாம். வாளி, மக், புனல், அளவு டேப், துணி மாட்டும் கொக்கி, ஆணி போட்டு வைக்கும் டப்பா, பழைய செய்தித்தாளோடு தூக்கி எறியப்போகும் பிரைமர் பிரஷ், செடி வைக்கும் சிறு மண்வெட்டி, மேசைக் கால் இறுக்கும் அலன் கீ. இவற்றுக்கு நடைபாதைச் சரக்கு தாராளமாகப் போதும்.

எப்போதாவது எடுக்கும் டிரில்லிங் மெஷினையும் இந்தப் பட்டியலின் ஓரத்தில் வைக்கலாம். திரைச்சீலைக் கம்பி, சாமி படம், அலமாரி என்று ஒரு வீட்டில் அது வருடத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஓடுகிறது. நடுத்தர விலை மெஷின் போதும். ஆனால் அதில் மாட்டும் பிட் நல்லதாக இருக்க வேண்டும். நுனியில் டங்ஸ்டன் கார்பைடு ஒட்டிய நல்ல பிட், சாதாரண மெஷினையும் கான்கிரீட்டுக்குள் இறக்கும். மட்டமான பிட் விலை உயர்ந்த மெஷினையும் சுவரோடு மல்லுக்கு நிற்க வைக்கும். ஆக்ஸா பிளேடிலும் இதுதான். சட்டம் எந்தக் கடையில் வாங்கினாலும் சரி, பிளேடு நல்லதாக வேண்டும். வேலையைத் தொடும் முனைக்குச் செலவு செய்துவிட்டு, அதைப் பிடித்திருக்கும் உடம்பில் மிச்சம் பிடிக்கலாம்.

தொழிலாளியின் கணக்கு வேறு

இதுவரை சொன்னது வீட்டுக்காரர் கணக்கு. எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், ஏ.சி. மெக்கானிக் ஆகியோருக்குக் கருவி என்பது மூலதனம். வழுக்கும் பைப் ரிஞ்சு விரலை எடுக்கும். பாதியில் நின்றுபோகும் மெஷின் அன்றைய கூலியை எடுக்கும். வேலை கற்று முதல் பெட்டி வாங்கும் இளைஞரிடம்தான் கையில் காசு குறைவு, மலிவுச் செட்டின் கவர்ச்சியும் அவருக்கே அதிகம். நாற்பத்தாறு உருப்படிப் பெட்டியில் அவர் தினமும் எடுக்கப்போவது எட்டோ பத்தோதான். அந்தப் பத்தை மட்டும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கினால், செலவு பெட்டியைவிடக் கூடினாலும் வருடக்கணக்கில் நிற்கும்.

பக்கத்து வடபழனி, கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுபவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். சில நாள் படப்பிடிப்புக்கு நிற்கும் அரண்மனைக்குச் சாதாரணப் பலகையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போதும், முடிந்ததும் பிரிக்கப்போகிறார்கள். அதைக் கட்டும் ரம்பமும் உளியும் அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் போக வேண்டியவை. சாமான் எத்தனை நாள் நிற்க வேண்டுமோ அத்தனை நாளுக்கு வாங்கு, கருவியை எத்தனை வேலைக்கு எடுக்கப்போகிறாயோ அத்தனை வேலைக்கு வாங்கு என்பதே அந்தத் தொழிலின் பாடம்.

வெளிநாட்டு யோசனை இங்கே பொருந்துமா

அமெரிக்காவில் கருவி பற்றிப் பேசுவோர் இடையே ஒரு யோசனை பிரபலம்: முதலில் மிக மலிவானதை வாங்கு, அதிகம் எடுத்து எடுத்து எது உடைகிறதோ அதை மட்டும் பிறகு உயர்ந்த தரத்தில் வாங்கு. எழுத்தாளர் கெவின் கெல்லி போன்றோர் இதை எழுதியிருக்கிறார்கள். அங்கே 1977இல் தொடங்கிய ஹார்பர் ஃபிரெய்ட் போன்ற தள்ளுபடிக் கருவிக் கடைகள் இந்த நம்பிக்கையில்தான் வளர்ந்தன.

யோசனை கெட்டதல்ல. ஆனால் அது நிற்கும் தரை வேறு. அங்கே ஆள் கூலி மிக அதிகம் என்பதால் வீட்டுக்காரரே வேலை செய்கிறார். ஸ்பேனர் உடைந்தால் அந்தக் கடையே வாழ்நாள் உத்தரவாதத்தில் மாற்றித் தருகிறது. நம் நடைபாதையில் மாற்றித் தர ஆளில்லை; நாளைக்கு அவர் அதே இடத்தில் தார்ப்பாய் விரிப்பாரா என்பதே நிச்சயமில்லை. உத்தரவாதமும் சேர்ந்த மலிவு ஒன்று, உத்தரவாதத்தையே வெட்டிக் கிடைத்த மலிவு வேறொன்று. ஸ்பேனர், அலன் கீ போன்றவற்றுக்கு அமெரிக்க யோசனையைப் பின்பற்றலாம். மின்சாரத்துக்கும் வாயுவுக்கும் சுழலும் தகட்டுக்கும் அது செல்லாது. உடைந்தபின் கற்றுக்கொள்ளும் பாடம் அங்கே வேண்டாம்.

சட்டம் என்ன தருகிறது

வாங்குபவருக்குத் துணை இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டப்படி, கட்டாயப் பட்டியலில் உள்ள பொருளை ஐ.எஸ்.ஐ. முத்திரையின்றி விற்பது குற்றம்; முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். வீட்டு வயரும் கேபிளும் 2003 ஆணையிலிருந்தே கட்டாயப் பட்டியலில் உள்ளன. முத்திரையோடு தர எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் உரிம எண்ணைத் தட்டினால் அது யாருடையது, நடப்பில் உள்ளதா என்று நொடியில் தெரிந்துவிடும். அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதன் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய இணைய விற்பனை நிறுவனங்களின் கிடங்குகளைச் சோதித்து, உரிய முத்திரை இல்லாத மின்விசிறி, பாட்டில், பொம்மை போன்றவற்றை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்தார்கள். பெரிய தளத்தில் வாங்குவதாலேயே தரம் உறுதியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு எளிய சோதனை பெட்டியின் பின்பக்கம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் தொடர்பு ஆகியவை அச்சில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாடு என்பதும் வேண்டும். முகவரியே இல்லாத பொருள், பழுதானால் யாரைக் கேட்பது என்பதற்குப் பதில் இல்லாத பொருள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில் வேண்டாம் என்று பத்து ரூபாய் குறைத்துக்கொள்பவர் விட்டுக்கொடுப்பது இந்த உரிமையைத்தான்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் தொகுத்தால் மூன்று வரிசை கிடைக்கிறது. பழுதானால் பொருள் மட்டும் போகும் என்றால் மலிவானதை வாங்குங்கள். பழுதானால் செய்த வேலையும் கொடுத்த கூலியும் போகும் என்றால் நடுத்தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். பழுதானால் கையோ வீடோ உயிரோ போகும் என்றால் முத்திரையும் முகவரியும் பில்லும் இல்லாமல் தொடாதீர்கள்.

மலிவுக்கும் தரத்துக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு. இருபது வீடு உள்ள அடுக்ககத்தில் இருபது மட்டமான டிரில்லிங் மெஷின்கள் பரணில் தூங்குகின்றன. சங்கம் ஒரு நல்ல மெஷின், ஒரு உறுதியான ஏணி, ஒரு முழு ஸ்பேனர் செட் வாங்கி, காவலாளி அறையில் ஒரு பதிவேட்டோடு வைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு நடைபாதை விலையைவிடக் குறைவு. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.